துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்

மனைவி போன பிறகு ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரை விசாரிக்க நாதியில்லை. கண் கிளினிக்கின் கம்ப்யூட்டர் மட்டும் தவறாமல் செய்தி அனுப்பும். போன் அதை வாசித்துக் காட்டும். 'வியாழக்கிழமை ஆபரேஷன். துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.' யாரை அழைப்பது என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதே, புதன் மாலை இன்னொன்று வந்தது: 'ஆபரேஷன் ரத்து.'

வியாழன், காலை ஒன்பது மணி. காரணம் கேட்க அவர் போனபோது கிளினிக் வாசலில் அதே செய்தியோடு ஒரு கூட்டம். வரவேற்புப் பெண் சுவரோரம் அழுதுகொண்டிருந்தாள்.

"லீவு தரலேன்னு கோபம். எல்லாருக்கும் ரத்துன்னு அனுப்பிட்டா. இன்னையோட வேலையை விட்டு நின்னுக்கட்டும்," என்றார் டாக்டர்.

"சத்தியமா நான் இல்ல சார். நேத்து சீக்கிரமே கிளம்பிட்டேன். காலையில வந்ததும் சீட்டுல உட்காரவே விடலை."

இன்ஸ்பெக்டர் கவுண்டரில் சாய்ந்தார். திரையில் அந்தச் செய்தி இன்னும் திறந்தே கிடந்தது. 'ஆபரேஷன் ரத்து' என்று வாய்விட்டுப் படித்தார்.

"பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்மா?"

"எல்லாருக்கும் சார். கம்ப்யூட்டர்லயே ஒட்டி வெச்சிருக்கோம்."

"சும்மா கண் பரிசோதனைக்கு வர்றவங்களுக்கு?"

"அவங்களுக்கு ரத்து போகலை."

பெருமூச்சோடு திரும்பியவர் வாசலில் சட்டென்று நின்றார்.

"டாக்டர், உள்ளே கொஞ்சம் பேசணும்."

கதவு சாத்தியதும் சொன்னார்: "எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. உங்க மூஞ்சியே மங்கல்தான். ஆனா அந்தத் திரையைக் கண்ணாடி போடாமலே படிச்சேன். எழுத்து அவ்வளவு பெருசு. சின்ன வயசுப் பொண்ணுக்கு அது எதுக்கு? பெருசாக்கினவர்தான் அனுப்பினவர். பரிசோதனையை விட்டு ஆபரேஷனை மட்டும் நிறுத்தினதால, கத்தியைத் தொடப் பயந்தவரும் அவர்தான். எப்பத்திலேர்ந்து டாக்டர்?"

டாக்டர் மெல்ல உட்கார்ந்தார்.

"கொஞ்ச நாளாவே. பார்க்கிற இடமெல்லாம் நடுவுல ஒரு கறுப்பு. யார்கிட்ட சொல்றது? வீட்டுல நான் மட்டும்தான்."

அந்த வீடு எப்படி இருக்கும் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

"பயந்தது நியாயம். அந்தப் பொண்ணு தலையில பழியைப் போட்டது அநியாயம். வெளியே வந்து சொல்லுங்க."

டாக்டர் வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, நோயாளிகளை வேறு மருத்துவமனைக்கு மாற்றிப் பதிந்தாள். கடைசியாக டாக்டரின் பெயரையும் சேர்த்தாள்.

டாக்டரின் போன் சிணுங்கியது. அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். படிக்க முடியவில்லை.

"என்ன போட்டிருக்குன்னு எனக்கு மனப்பாடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "நான் வர்றேன். என் ஆபரேஷனுக்கு நீங்க வாங்க."