கழிக்க மறந்த ஒரு மீற்றர்

பஸ் மணிக்கூண்டருகே நின்றபோதே மழை பிடித்துவிட்டது. இறங்கும் அவசரத்தில் கஜனியின் கையிலிருந்த வரைபடச் சுருள் நழுவியது... படியில் உருண்டு... கீழே நின்ற ஒருவனின் சப்பாத்துக்கு அடியில் போய்ச் சிக்கியது.

"ஐயோ... மிதிச்சிட்டீங்களே!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ... நான் காணேல்லை."

குனிந்து எடுத்து நீட்டினான். சுருளின் நடுவில் சேறாய் ஒரு சப்பாத்து அச்சு. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் அவள் நிமிர்ந்தாள். இமைகளில் மழைத்துளி தங்கியிருக்க அவனும் நிமிர்ந்தான்... திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த சொல் எங்கேயோ போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்து, மாநகர சபையில், பொதுமக்கள் நாளான புதன்கிழமை நெரிசலில், கட்ட அனுமதி கேட்டுக் காத்திருந்து அவள் போய் நின்ற மேசைக்குப் பின்னால் அவனேதான் இருந்தான். தொழில்நுட்ப அலுவலர் மயூரதன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்.

சுருளை விரித்தான். 'புதிய அறை' என்று எழுதியிருந்த இடத்திலேயே அச்சு கிடந்தது.

"இது... நான் செய்த வேலை" என்றான் சங்கடத்துடன்.

"ஆமா சேர். நாங்க கட்டுறதுக்கு முந்தியே நீங்க குடி வந்திட்டீங்க."

அவன் சிரித்தான். அழகான சிரிப்பு. ஆனால் வரைபடத்தைப் பார்க்கப் பார்க்க அது கரைந்துபோயிற்று.

"மிஸ்... அந்த றோட்டுக்கு நடுவில இருந்து ஆறு மீற்றருக்குள்ள ஒண்டும் கட்டேலாது. உங்கட அறை அதுக்குள்ள வாற மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் பின்னுக்குத் தள்ளேலாதோ?"

"பின்னுக்குப் பள்ளம் சேர். தள்ளினா வீட்டுக் கூரை மேலதான் விழும்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள்... ஆனால் சொன்னாள். கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, ரோட்டிலிருந்து முப்பத்திநாலு படி இறங்கினால் அவர்கள் வீடு. அப்பா வீரசிங்கம், ஒரு புடவைக் கடையில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். போன வருடம் பக்கவாதம். கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, ஓட்டோக்கார லாபிர் நானாவும் அவளும் தூக்குவார்கள். போன மாதம் நானா படியில் வழுக்கினார். கதிரையோடு அப்பாவும் சாய்ந்தார்.

"அன்னைக்கில இருந்து அப்பா வர மாட்டேங்குறாரு. ரோட்டு மட்டத்துல ஒரு ரூம் இருந்தா..."

"நாளைக்கு வாறன்" என்றான் மெதுவாக. "அளந்து பாப்பம்."

மறுநாளும் மழை. உதவியாள் விடுமுறையாம்... அளவு நாடாவோடு தனியாகத்தான் வந்தான். நாடாவின் நுனி அறுந்திருந்தது.

"ஒண்டு எண்டு எழுதியிருக்கிற இடத்தைப் பிடிச்சுக்கொண்டு றோட்டு நடுவில நில்லுங்கோ. பிறகு நான் ஒரு மீற்றரைக் கழிப்பன். பயமில்லையோ?"

"எனக்கு என்ன பயம்? உங்க ஊர்ல மலையே இல்லையாமே... நீங்க விழாம நில்லுங்க சேர்!"

குடையைக் கீழே வைத்துவிட்டு நாடாவைப் பிடித்தாள். முடி நனைந்து கன்னத்தில் ஒட்டியது. மறுமுனையில் அவன் அறைக்கு அடையாளமாய் அடித்திருந்த முளையருகே நின்று அவளையே பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். சட்டென்று நாடாவைக் குனிந்து பார்த்து, "ஆறு தசம் ஒண்டு!" என்று கத்தினான். எழுதினான். "சரிவரும் மிஸ்... சரிவரும்!"

கழிக்கவில்லையே...

கணக்கு அவள் மனதில் தானாக நடந்தது. ஐந்து தசம் ஒன்று. சொல்ல வாயைத் திறந்தாள். கீழேயிருந்து அப்பா இருமுவது கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை அப்பா பல மாதங்களுக்குப் பிறகு சவரம் செய்துவிடச் சொன்னார். "ஜன்னல ரோட்டுப் பக்கம் வைங்கம்மா. பஸ் போறதப் பாக்கணும்" என்றார். கஜனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு புதன்கிழமைகள் கடிதங்கள் கொடுக்கப் போனாள். அவன் அவளைக் கண்டதும் எழுந்து நிற்பான். பக்கத்து மேசைக்காரர் இருமுவார். அவனது சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஏதோ அழுகிக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல மனிதனிடம்... எப்படி என்னால் முடிகிறது?

திங்கட்கிழமை மாலை, நனைந்துபோய், படி இறங்கி வந்து அவன் வாசலில் நின்றான்.

"கஜனி... நான் பிழை விட்டிட்டன். அண்டைக்கு அந்த ஒரு மீற்றரைக் கழிக்கேல்லை. நாளைக்கு அனுமதி குடுக்கிற குழு கூடுது. என்ர பிழை எண்டு எழுதிக் குடுக்கப் போறன்."

அவள் வாயிலிருந்து வந்தது கோபம்தான்.

"இப்ப வந்து சொல்றீங்க! ஜன்னல் எந்தப் பக்கம்னு கூட அப்பா முடிவு பண்ணிட்டாரு!"

"றோட்டை அகலமாக்க வந்தால் முதல்ல இடிக்கிறது ஐயா படுத்திருக்கிற அறையைத்தான். அதுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"போங்க! இனிமே இந்தப் படியில கால் வைக்காதீங்க!"

அவன் திரும்பினான். படி ஏறினான். முப்பத்திநாலையும் அவள் எண்ணினாள். யார்மீது அந்தக் கோபம் என்று அவளுக்குத் தெரியும்... அது அவன்மீது இல்லை.

நிராகரிப்புக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வாசித்துக் காட்டினாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. இனி என்ன இருக்கிறது? எண்ணிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை காலை. மேலே ஓட்டோவின் ஹோர்ன்.

"தங்கச்சி!" லாபிர் நானாவின் குரல். "தூக்க ரெண்டு ஆள் காணாதுன்டு சொன்னேனே... இன்னொரு ஆள் வந்தீக்கி!"

பின்னால் இறங்கி வந்தவன் மயூரதன். சட்டைக் கையை மடித்து, வெறுங்காலோடு.

"படியில கால் வைக்காதேங்கோ எண்டு சொன்னனீங்கள்... சப்பாத்தை மேலயே கழட்டி வச்சிட்டன்."

அவளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அப்பா தலையைத் திருப்பினார். "யாரு தம்பி நீங்க?"

"உங்கட அறையை இல்லாமல் செய்த ஆள், ஐயா."

அப்பா வெகுநேரம் அவனைப் பார்த்தார். அப்புறம் சரியாக இருந்த கையை மெல்ல உயர்த்தி அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

"சேர், இது அளக்குற வேல இல்ல, தூக்குற வேல" என்றார் நானா. "மூச்சப் புடிச்சிக்கோங்க!"

கதிரை உயர்ந்தது. பாதி வழியில் அவன் முழங்கால் நடுங்கியது. ஆனால் கதிரை சாயவில்லை. கஜனி குடையைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஏறினாள்.

அப்பாவை ஓட்டோவில் ஏற்றியபின், இருவரும் ரோட்டோரத்தில் நின்றார்கள். ஒருபோதும் கட்டப்படாத அறையின் முளைகளுக்கு நடுவில்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "அஞ்சு தசம் ஒண்ணு. நீங்க கழிக்கலன்னு தெரியும். சொல்லல... உங்க பேருல பழி வரும்னு தெரிஞ்சும் சொல்லல."

அவன் ஓட்டோ நின்ற பக்கம் திரும்பினான். போய்விடுவான்... போகத்தானே வேண்டும்?

"நான் ஏன் கழிக்கேல்லை எண்டு நீங்கள் கேக்கவே இல்லையே?"

"...ஏன்?"

"றோட்டு நடுவில, குடையும் இல்லாமல், நனைஞ்சுகொண்டு நிண்டியள். நாடாவைத்தான் பாத்தனான் கஜனி... ஆனால் உங்கட முகம்தான் தெரிஞ்சுது. அண்டையில இருந்து வேற ஒண்டும் தெரியேல்லை."

தூறல் விழுந்துகொண்டிருந்தது. அறை இல்லை. ஜன்னல் இல்லை. முப்பத்திநாலு படியும் அப்படியேதான் இருக்கின்றன... குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"புதன்கிழமையும் தெரப்பி இருக்கு" என்றாள், அவன் கண்களைப் பார்க்காமல். "உங்களுக்கு அன்னைக்கு ஒபிஸ்ல சனம்..."

"சனம் வாறதுக்கு முன்னம், ஆறரைக்கு வாறன்."

"அதுக்குப் பிறகு?"

"வெள்ளிக்கிழமை."

"அதுக்கும் பிறகு...?"

அவன் குனிந்து, ஈரமாகிப்போன சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஐயா தானாய் ஏறி வாற வரைக்கும்" என்றான். "அதுக்குப் பிறகும்."