புல் ஒப்ஷன்

“புல்லு இருக்கு சார்... ஒப்ஷனைத்தான் காணோம்.”

காரைப் பார்க்க வந்தவள் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

நிரோஷன் குனிந்து பார்த்தான். நான்கு டயர்களையும் சுற்றிப் புல் சாண் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பதினொரு மாதமாக அந்தக் கார் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. எல்லா வசதியும் உள்ள வண்டி என்ற பொருளில்தான் ‘புல் ஒப்ஷன்’ என்று விளம்பரம் போட்டிருந்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று புரிந்தது. முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

அவள் பெயர் சிந்துஜா. பிலிமத்தலாவையில், கார் வாங்கி விற்கும் ஒரு ‘கார் சேலி’ல் வேலை. பழைய வாகனங்களைச் சோதித்துக் குறை சொல்வது அவள் தொழில். இன்று தனக்கே ஒன்று வாங்க வந்திருந்தாள்... நாவலப்பிட்டியில் இருக்கும் அம்மாவை மாதாமாதம் கண்டி கிளினிக்குக்குக் கூட்டி வர. அம்பிட்டிய மேட்டை நடந்தே ஏறியதில் மூச்சு வாங்கியது. கண்கள் மட்டும் களைக்கவில்லை. எதையும் விட்டுவைக்காத கண்கள்...

அப்படி நினைத்ததற்காக அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

மழை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது. இருவரும் காருக்குள் ஓடினார்கள். அவள் டிரைவர் சீட்டில். அவன், பழக்கப்படி, இடது பக்கம். அந்தக் காரில் அவன் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. ஓட்டியது அவன் மனைவி கலாராணி.

“இதப் பாருங்க.” ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் விரலை நீட்டினாள். வரிசையாக மூன்று கறுப்புச் சதுரங்கள். படமில்லை, எழுத்தில்லை. “அழுத்துங்க.”

எட்டி அழுத்தினான். அசையவில்லை.

“இது பட்டனே இல்ல சார், மூடி. மேல் கிரேட்ல இந்த எடத்துல சுவிட்ச் வரும். கீழ் கிரேட்டுக்கு ஓட்டைய அடைச்சு அனுப்பிருவாங்க. இது கீழ் கிரேட். நீங்க போட்டது பொய்.”

“பொய் இல்ல.” குரல் உயர்ந்தது. “கலா அப்படித்தான் சொல்லுவா. நம்ம கார் புல் ஒப்ஷன்னு. அவ பொய் சொல்ல மாட்டா.”

“அப்ப அவங்களையே கூப்பிடுங்க... நேர்லயே கேட்டுருவோம்.”

“செத்துட்டா.”

கூரை மேல் மழை தடதடத்தது.

“டெங்கு. ஏழு நாள்.”

அதைக் கேட்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். இவளும் போவாள். போகட்டும். யாராவது இந்தக் காரைக் கொண்டுபோனால் போதும். ஒவ்வொரு ஞாயிறும் என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, இடது சீட்டுக்கு வந்து, காலி டிரைவர் சீட்டைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை முடிந்தால் போதும். அதன் பிறகு என்ன என்று அவன் யோசித்ததில்லை. யோசிக்க ஒன்றும் இல்லை.

சிந்துஜாவின் கை கதவுப் பிடிக்குப் போனது. நின்றது.

“மன்னிச்சிருங்க சார்... சேல்ல பேசிப் பேசி என் வாய் இப்படி ஆயிருச்சு.” கையை எடுத்துக்கொண்டு கேட்டாள். “இந்த மூணையும் அவங்க என்னன்னு சொல்லுவாங்க?”

இதுவரை யாரும் அவனிடம் கலாவைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை. அனுதாபம் மட்டும்தான் சொன்னார்கள்.

“மொதலாவது... மழைய நிப்பாட்டுறது. அழுத்திட்டு வாயால ‘டிக்’ம்பா. ரெண்டாவது என் வாய மூடுறது. சண்ட வந்தா டிக்.”

“வேல செஞ்சிச்சா?”

“மழ நிக்காது. நான் மூடிக்குவேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே அந்தக் கண்கள் நிறைந்துவிட்டன...

“மூணாவது?”

“பெறகு சொல்றேன், பெறகு சொல்றேன்னே இருந்தா.” ஜன்னலைப் பார்த்தான். “ஆஸ்பத்திரியிலயும் கேட்டேன். பெறகுன்னா.”

அவள் தலையிலிருந்து ஒரு கிளிப்பை உருவினாள். “உள்ள வயர் வந்திருக்கான்னு பாத்துருவோம்.” முதல் மூடியை நெம்பினாள். வெறும் ஓட்டை. இரண்டாவது... வெறும் ஓட்டை. மூன்றாவது மட்டும் மழமழவென்று மினுங்கியது. ஒரு விரல் பட்டுப் பட்டு வந்த மினுக்கம்.

“எடுக்கவா?” என்று கேட்டாள்.

தலையசைத்தான்.

போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். பிறகு, “காலைத் தூக்குங்க.”

“என்ன?”

“காலை சார்!”

குனிந்து அவன் சீட்டுக்கு அடியில் துழாவினாள். மழையில் நனைந்த கூந்தல் அவன் முழங்காலில் உரசியது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். நிமிர்ந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

“வயர் இருக்கு. உங்க சீட்டு வரைக்கும் வந்திருக்கு. சுவிட்ச் மட்டுந்தான் வைக்கல.”

“என்ன சுவிட்ச்?”

“இடது சீட்ட சூடாக்குறது. குளிர் நாட்டு ஆளுங்களுக்காகச் செய்றது... ஓட்டுறவங்க, பக்கத்துல இருக்கவங்களுக்குப் போட்டு விடுறது.”

அவன் உள்ளங்கையால் சீட்டைத் தொட்டான். சில்லென்று இருந்தது.

சுடுகாட்டில் வராத அழுகை அப்போது வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வைப்பரைச் சோதிப்பதுபோல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் முடிக்கும்வரை.

“சுவிட்ச் பழைய பார்ட்ஸ் கடையில கெடைக்கும்” என்றாள் மெதுவாக. “ஆனா உங்களுக்கு எதுக்கு? ‘வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை’ன்னு போட்டிருக்கீங்களே.”

“அது பொய். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. நான் எங்கயும் போகல.”

“அப்ப ஒரு பொய்தான். புல் ஒப்ஷன்னது பொய் இல்ல, அவங்க சொன்னது.” புன்னகைத்தாள். “சரி... கார நான் எடுத்துக்குறேன்.”

அவன் கேட்க விரும்பிய வார்த்தை. பதினொரு மாதமாக.

“தர முடியாது.”

அவள் முகம் இறுகியது. “கொற சொன்னவளுக்குத் தர இஷ்டமில்ல போல. நேரா சொல்லலாமே சார்.” குடையை எடுத்தாள். கதவைத் திறந்தாள். ஒரு கால் புல்லில்.

“வித்துட்டா நீங்க திரும்பி வர மாட்டீங்க.”

அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துச் சொன்னான். சொன்ன பிறகு உடம்பெல்லாம் கூசியது.

“தப்புதான். பதினோரு மாசந்தான் ஆச்சு. இன்னும் அவள நெனச்சுத்தான் முழிக்கிறேன், அவள நெனச்சுத்தான் படுக்கிறேன். ஆனா... இது பொய் இல்ல.”

செருப்பில் மழை சொட்டச் சொட்ட அவள் அப்படியே இருந்தாள். பிறகு அந்த மினுங்கும் மூடியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

“அந்த சுவிட்ச் லேசுல கெடைக்காது. தேடணும். ரெண்டு மூணு ஞாயிறு ஆகும்...”

முதல் ஓட்டைக்கு மேலே விரலை வைத்தாள்.

“டிக்.”

மழை நிற்கவில்லை. அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.