முன்சக்கரம் பதினேழு, பின்சக்கரம் இருபது

ஞாயிற்றுக்கிழமை காலை 9.15.

பனியன் கம்பெனி வாட்ச்மேன் சுற்றி வந்தபோது சாம்பிள் ரூம் கதவு பாதி திறந்து கிடந்தது. பூட்டு உடையவில்லை, சாவி போட்டுத் திறந்திருந்தார்கள். காலை 6.15-க்குப் பார்த்தபோது பூட்டின்மேல் ஒட்டிய காகிதச் சீல் கிழியாமல் இருந்தது என்று அவர் அடித்துச் சொன்னார். உள்ளே எல்லாம் இருந்தது. ஒரே ஒரு அட்டைப்பெட்டியைக் காணோம்.

பெட்டியில் இருந்தவை பன்னிரண்டு டீ-ஷர்ட்டுகள். வெளியாளுக்கு அது வெறும் பனியன். கம்பெனிக்கு அதுதான் உயிர். இதே நிறம், இதே அளவு, இதே தையல் என்று சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் சீல் வைத்துக் கொடுத்த மாதிரி உடுப்பு அது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு பையரின் ஆள் வந்து, தைத்து முடித்த சரக்கை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாதிரி இல்லையென்றால் ஆர்டர் கைமாறிவிடும்.

பின் கேட்டுக்கும் அந்த ரூமுக்கும் மூன்று பேரிடம் சாவி உண்டு. முதலாளி வீரணன் விடியற்காலையிலிருந்து சொந்தக்காரர் கல்யாணத்தில் இருநூறு பேருக்குப் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். கூட்டாளி தரணீதரன் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், உடுமலைப்பேட்டை மலையடிவாரத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் மாட்டிய ஜி.பி.எஸ். மீட்டர் 6.20-லிருந்து 8.50 வரை அவர் போன வழியெல்லாம் கோடு போட்டு வைத்திருந்தது. மூன்றாவது ஆள் சாம்பிள் இன்சார்ஜ் தௌபிக். அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறவனுக்கு எவன் சாட்சி சொல்வான்? 10.40-க்கு ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

பகல் 12.05.

ஸ்டேஷன் வராந்தாவில் சாயிமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தௌபிக்குக்கு அக்கா அவள். அவிநாசி ரோட்டில் மலைப்பாதை சைக்கிள்களுக்கென்றே கடை வைத்திருப்பவள். பெரிய கம்பெனிக்காரர்கள்கூட அவள் கடை வாசலில் காத்துக் கிடப்பார்கள். இங்கே அந்தப் பெருமையெல்லாம் செல்லுபடி ஆகவில்லை.

"நாலு மணிக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாகணும்மா" என்று சொல்லிவிட்டார் எஸ்.ஐ. அனுசுயா. "போன் டவர் விவரம் வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் முதலாளி பொறுக்க மாட்டேங்கறாரு."

எஃப்.ஐ.ஆர். விழுந்துவிட்டால் முடிந்தது கதை. பிறகு நிரபராதி என்று வந்தாலும், சாம்பிள் திருடன் என்ற பேர் தௌபிக்கை விடாது. இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் அவனை வாசல்படி மிதிக்க விடாது.

ஸ்டேஷன் முற்றத்தில் தரணீதரனின் கார் நின்றது. மலையிலிருந்து நேராக வந்துவிட்டார் மனிதர். காரின் பின்னால் கேரியரில் சேற்றோடு அவருடைய சைக்கிள் தொங்கியது. சாட்சியைக் கையோடு கட்டிக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

மேலும் கீழும் நடந்த சாயிமா அதைத் தாண்டும்போது அவள் கட்டைவிரல் தன்னால் முன் டயரை அழுத்தியது. தொழில் புத்தி எங்கே போகும்? விரல் உள்ளே போயிற்று. போகக்கூடாதே.

அந்த டயர்களைப் புதன்கிழமைதான் அவள் மாட்டினாள். "இருக்கறதுலயே நல்ல டயராப் போடு அம்மிணி" என்று வந்து நின்றார் தரணீதரன். அப்படி ஒரு டயர் உலகத்தில் கிடையாது என்று சொல்லி, முன்னால் மண்ணைக் கவ்விப் பிடிக்கப் பெரிய பல் வைத்த டயரும், பின்னால் இழுவை இல்லாமல் உருளச் சின்னப் பல் வைத்ததும் போட்டாள். இரண்டிலும் ட்யூப் கிடையாது. உள்ளே பால் மாதிரி ஒரு பசை, முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும். காற்று முன்னால் இருபத்தொன்பது பவுண்டு, பின்னால் முப்பத்திரண்டு. தரணீதரன் தொண்ணூற்றெட்டு கிலோ. கனத்துக்குத் தக்கபடி காற்று வைக்காவிட்டால் முதல் கல்லிலேயே ரிம் நெளிந்துவிடும்.

தோள்பையில் எப்போதும் கிடக்கும் காற்று மானியை எடுத்து இரண்டு வால்விலும் வைத்தாள். முன்னால் பதினேழு. பின்னால் இருபது. மணி 12.20.

சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தாள். முள் இல்லை, பால் கசிந்த தடம் இல்லை. ரிம்மின் விளிம்பில் விரலை ஓட்டினாள். சேறு இருந்தது. ஒரு நெளிசல்கூட இல்லை. அவள் உள்ளே போனாள்.

தரணீதரன் மின்விசிறிக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வீரணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. மேசையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"புது டயரு எப்படிங்க இருந்துச்சு?" என்றாள் சாயிமா.

"அதைக் கேக்கற நேரமா அம்மிணி இது? நல்லாத்தான் இருந்துச்சு."

"காத்து ஏதும் கொறைச்சீங்களா? கூட்டினீங்களா?"

"நீ வெச்சு உட்டபடியேதான் போனேன். வால்வைத் தொடவே இல்ல. எனக்கெதுக்கு அந்த வேலை?"

"முள்ளு ஏதும் குத்துச்சுங்களா?"

"ஒண்ணும் இல்லீங்கறேன்."

"மலையில அந்தப் பெரிய கல்லு எறக்கம் வருமே, அதுல எறங்கினீங்களா?"

"ஓட்டிட்டேதான் எறங்கினேன். மீட்டர்ல பாரு."

"கூட யாரும் வந்தாங்களா?"

"கணியூர் மாதவன் மாஸ்டர் வரேன்னாரு. வரல. ஒண்டியாத்தான் போனேன்."

எஸ்.ஐ. பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். சாயிமா வெளியே வந்தாள். இன்னும் ஒரு விஷயம் உறுதியாக வேண்டும். அதற்குக் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள், தண்ணீர்ப் பானைக்குப் போய்க் குடிக்காமல் திரும்பினாள். அந்த ஒன்றேகால் மணி நேரம் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

1.35-க்கு மறுபடி மானியை வைத்தாள். பதினேழு. இருபது. துளி இறங்கவில்லை.

எஸ்.ஐ.யைக் கார் பக்கம் கூப்பிட்டாள். வீரணனும் வந்தார். பின்னாலேயே தரணீதரனும் வந்தார்.

"மேடம், இந்தச் சைக்கிள் மலைக்குப் போனது நெசம். ஆனா இவரு போகலைங்க."

தரணீதரன் சிரித்தார். "தம்பிய ஜீப்புல ஏத்துனதுல அம்மிணிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"புதன்கிழமை நான் வெச்சது இருபத்தொம்பது, முப்பத்திரண்டு. நாலு நாள்ல தன்னால எறங்கினா ஒண்ணு ரெண்டு எறங்கும். இப்ப பதினேழு, இருபது. இவரு தொடலைன்னு உங்க முன்னாடியே சொன்னாரு."

"ஓட்டை விழுந்து எறங்கியிருக்கும்" என்றார் தரணீதரன்.

"ஓட்டையில எறங்கற காத்து நிக்காதுங்க. ஒண்ணேகால் மணி நேரமா அதே அளவுல நிக்குது. அதுவும் முன்னாடியவிடப் பின்னாடி சரியா மூணு ஜாஸ்தி. தெரிஞ்ச ஆளு அளந்து உட்ட காத்து இது."

"அப்ப ஓட்டி முடிச்சு நாந்தான் எறக்கியிருப்பேன். நெனப்பில்ல."

"வால்வைத் தொடவே இல்லைன்னீங்க" என்றார் எஸ்.ஐ.

"இப்படிப் பாருங்க மேடம்" என்று சாயிமா சக்கரத்தை மெல்லச் சுற்றினாள். "இந்தக் காத்துல தொண்ணூத்தெட்டு கிலோ அந்தக் கல்லு எறக்கத்துல எறங்கியிருந்தா ரிம்மு நாலு எடத்துலயாவது நெளிஞ்சிருக்கும். ஒரு கீறல் இல்ல. அப்ப மேல உக்காந்திருந்தவரு இவருல பாதி கனம். அவருக்கு இவரோட காத்து ஒத்துக்கல, தனக்குத் தக்கன எறக்கிக்கிட்டாரு. நல்லா ஓட்டறவங்களால தப்பான காத்துல பத்தடி போக முடியாதுங்க. கை தன்னால வால்வுக்குப் போயிரும்."

அவள் போனைத் திறந்து நீட்டினாள். கடைக்கு வரும் ஒவ்வொருவரின் எடையும் காற்றளவும் அதில் இருந்தன. நாற்பத்தோரு பேர். பதினேழு, இருபது என்று இருந்தது ஒரே ஒருவருக்கு. மாதவன், கணியூர், ஐம்பத்துமூன்று கிலோ.



எஸ்.ஐ. போனில் ஸ்பீக்கரைப் போட்டு அந்த எண்ணை அழைத்தார். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டரான மாதவன் போலீஸ் என்றதும் தடுமாறிப்போனார்.

"ஆமாங்க மேடம், நாந்தானுங்க ஓட்டினேன். எங்க குழுவுல மாசாமாசம் யாரு எத்தனை கிலோமீட்டர்னு லிஸ்ட் போடுவோமுங்க. லிஸ்டுல கீழ போயிட்டா சில பேருக்குச் சோறு எறங்காதுங்க. நேரம் இல்லாதவங்க மீட்டரை வேற ஆளுகிட்டக் குடுத்து மிதிக்கச் சொல்றது சகஜந்தானுங்க. முட்டி வலின்னு சொல்லி நேத்து சாயங்காலமே வண்டியைக் குடுத்துட்டுப் போனாருங்க. தப்பாப் போச்சுங்களா?"

"காத்தை எறக்கினீங்களா?"

"எறக்கினேனுங்க. இல்லைன்னா எனக்குக் கல்லுல பந்தாட்டம் குதிக்குது. வண்டியை எடுக்க ஒம்போதே காலுக்கு வந்தாருங்க. திருப்பி அடிச்சு வெக்கறேன்னு சொன்னதுக்கு, நேரமாச்சுன்னு அப்படியே தூக்கி மாட்டிட்டுப் போயிட்டாருங்க."

அவ்வளவுதான். காற்றைப் பற்றி இரண்டாவது முறை யோசிக்காத மனிதர், அதை இன்னொருவர் மாற்றுவார் என்று எப்படி யோசிப்பார்? மாதவன் மலையில் மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில் தரணீதரன் பின் கேட் வழியாக வந்து பெட்டியை எடுத்திருந்தார். அடுத்த மாதம் பல்லடம் ரோட்டில் தனியாக யூனிட் தொடங்க இருந்தார். வீரணன் கை நழுவவிடும் ஆர்டரை அங்கே வாங்கிப் போட்டுக்கொள்வது திட்டம்.

3.25-க்குப் பெட்டி கிடைத்தது. அனுப்பர்பாளையத்தில் அவருடைய மச்சானின் பாத்திரப் பட்டறையில், ஒரு பெரிய அண்டாவுக்குள் பத்திரமாக இருந்தது.

4.10-க்கு தௌபிக் வெளியே வந்தான். வீரணன் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னயப் போயிச் சந்தேகப்பட்டுட்டேன்ப்பா. என்னத்தச் சொல்ல. மனசுல வச்சுக்கிடாத."

"பரவாலீங்க அண்ணாச்சி" என்றான் தௌபிக். குரல் இறங்கிக் கிடந்தது.

அக்காவும் தம்பியும் ஸ்கூட்டர் நின்ற இடத்துக்கு நடந்தார்கள். தம்பி வந்துவிட்டான், பேர் கெடவில்லை. ஆனாலும் சாயிமாவின் படபடப்பு அடங்கவில்லை. சொல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"உன்னைக் கூட்டிட்டுப் போனதும் நான் நேரா ஸ்டேஷனுக்கு வரலடா."

"பின்னே?"

"உன் ரூமுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில, பீரோவுல, மாடியில தண்ணித் தொட்டி வரைக்கும் தேடினேன். அப்புறந்தான் வந்தேன்."

தௌபிக் நின்றுவிட்டான்.

"கெடைச்சிருந்தா?"

"எரிச்சிருப்பேன். உன்னை உட்டுக் குடுத்திருக்க மாட்டேன்."

கோபம் வருமென்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை.

"அதுக்குப் பதிலா, நான் எடுத்திருக்க மாட்டேன்னு நம்பியிருக்கலாம்லக்கா" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.