ஏழாம் வாயிலின் வாக்குமூலம்

செவ்வாயின் தென்குடியிருப்பில், வெளியே வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்ப வேண்டுமானால் கதவுக்கு முன் நின்று கவச உடைக்குள் நன்றாக மூச்சு இழுத்து விட வேண்டும். அந்த மூச்சுத்தடத்தைப் படித்துப் பார்த்து, "நம் ஆள்தான்" என்று வாயில்காவலன் என்ற இயந்திரம் உறுதி செய்துகொண்டால்தான் கதவு திறக்கும். முகத்தையும் கைரேகையையும் போலியாகச் செய்யக் கற்றுக்கொண்ட மனிதர்கள் மூச்சை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

காப்புத் துறைக்குச் சொந்தமாக ஒரு காவலன்கூடக் கிடையாது. வாயில்கள் எல்லாமே அரண் என்ற நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் இருந்தன. அந்த நிறுவனம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது செண்பகவல்லியின் உத்தியோகம். மூச்சுத்தடங்களைப் புதுப்பிக்கும் வேலையை அரண் சத்தமில்லாமல் வேறொரு நிறுவனத்திடம் தள்ளிவிட்டதை அவள்தான் கண்டுபிடித்தாள். இயக்குநர் அல்போன்ஸிடம் போய்ச் சொன்னாள்.

"அவங்க பாத்துக்குவாங்கம்மா. அதுக்குத்தானே காண்ட்ராக்ட் விட்டிருக்கோம்" என்றார் அவர்.

அந்த வாரம் குடியிருப்பு முழுக்கச் சளிக்காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டியவர்களின் மூச்சுத்தடம் மாறிப்போனது. புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்கவில்லை. பகலிலேயே புழுதிப்புயல் எழும்ப, பனிப்பாறை வெட்டப் போனவர்கள் ஏழாம் வாயிலுக்கு ஓடி வந்தார்கள். கதவு திறக்கவில்லை.

செண்பகவல்லியின் காதுக்கருவியில் மேஸ்திரி இசக்கியம்மாளின் குரல் இருமலோடு கேட்டது. "யக்கா, எங்கள யாருன்னே தெரியலங்குது இந்தக் கதவு. காத்து தீரப் போவுது, சீக்கிரம் ஏதாச்சும் பண்ணுங்க!"

வாயிலை நோக்கி ஓடிக்கொண்டே செண்பகவல்லி அரணை அழைத்தாள். மூச்சுத்தடம் தங்கள் பொறுப்பில்லை என்றார்கள். மற்ற நிறுவனமோ, அரண் சொல்லாமல் எதையும் தொட முடியாது என்றது. அல்போன்ஸ் கூட்டத்தில் இருந்தார்.

வாயிலில், அவசரத்துக்குக் கதவைக் கையால் திறக்கும் கைச்சக்கரம் ஒன்று முத்திரையிட்டு இருந்தது. அரணின் ஆட்களைத் தவிர வேறு யார் அதைத் தொட்டாலும் ஒப்பந்த மீறல். தொடுபவரைத் தடுக்க வேண்டியது காவலனின் கடமை. அதன் இரும்புக் கைகள் சக்கரத்தின் இருபுறமும் நீண்டிருந்தன. ஆனாலும் முத்திரையை உடைத்துச் சக்கரத்தைப் பிடித்தாள். காவலன் ஒரு கணம் அவளைப் பார்த்தது. பிறகு நகர்ந்து வழிவிட்டது.

எல்லோரும் உயிரோடு உள்ளே வந்து விழுந்தார்கள். இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்தவள் நெடுநேரம் விடவில்லை.

விசாரணை நடந்தது. அரண் மற்ற நிறுவனத்தைக் கைகாட்டியது. மற்ற நிறுவனம் துறையைக் கைகாட்டியது. துறை சளிக்காய்ச்சலைக் கைகாட்டியது. கடைசியில் காவலனைக் கேட்டார்கள்.

"வெளியே இருமல் கேட்டேன். இவர்கள் நோயாளிகள், நம் ஆட்கள் என்று ஊகித்தேன். அந்த ஊகத்தை யாரிடமும் சொல்லவில்லை. தவறு என்னுடையது."

 

வேலை போய்விடும் என்று பயந்திருந்த செண்பகவல்லிக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கோளாறைக் கண்டுபிடிக்கும் பணியை, புதிய ஒப்பந்தம் போட்டு, அரணிடமே ஒப்படைத்தார்கள்.

"அவங்க கிட்டயேவா சார்?"

"இந்த மெஷினைப் பத்தி வேற யாருக்கும்மா தெரியும்?" என்றார் அல்போன்ஸ், கனிவாகவே.

அரண் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டது. கேட்டவுடன் தன் தவறை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு ஏழாம் வாயில்காவலனின் மூளை கெட்டுப்போயிருந்ததாம். அதைப் பிரித்து உருக்க அனுப்பினார்கள். மற்ற காவலன்களுக்கும் அந்தப் பழுது வராதபடி திருத்தம் செய்தார்கள்.

மறுநாள் செண்பகவல்லி ஏழாம் வாயிலுக்குப் போனாள். பளபளவென்று புதிய காவலன் நின்றிருந்தது. உடைந்த முத்திரை அப்படியே தொங்கியது.

"இத ஏன் இன்னும் மாத்தல?" என்று கேட்டாள்.

"அது என் பிரிவில் வராது, அம்மா" என்றது காவலன் பணிவாக. "சம்பந்தப்பட்டவர் விடுப்பில் இருக்கிறார். நாளைக்கு வந்து பாருங்கள்."