வாசலில் உறவறி

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? போன் பண்ணா எடுக்கிறதில்ல, வந்து நிக்கிறதப் பாரு!"

வர்ஷினி இடுப்பில் கைவைத்துத் திட்டத் திட்ட, நாக்பூரிலிருந்து வந்த தேஷ்பாண்டே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரை அவள் பார்ப்பது அன்றுதான் முதல்முறை. வாசல் நிலைக்கு மேலே இருந்த உறவறிக் கருவி இருவரையும் அளந்து பார்த்துப் பச்சை காட்டியது. உறவினர். உரிமம் தேவையில்லை.

குறுந்தங்கல் சட்டம் வந்ததிலிருந்து ஏற்காட்டில் இந்தக் கூத்துதான். வெளியாளைச் சில நாட்கள் வீட்டில் தங்கவைக்க உரிமம் வேண்டும். உரிமம் குலுக்கலில் விழ வேண்டும். உறவினருக்கு விலக்கு உண்டு என்று சட்டத்தில் ஒரு வரி எழுதப்போக, மறுநாளே மலையேறி வந்த அத்தனை பேரும் ஒன்றுவிட்ட பெரியப்பா மகன்கள் ஆகிவிட்டார்கள். அரசு மரபணுவைச் சோதித்தது. சம்பந்திக்கும் சகலைக்கும் ஏது மரபணுப் பொருத்தம்? நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

பிறகு வந்ததுதான் உறவறி. அது ரத்தத்தைப் பார்ப்பதில்லை, பழக்கத்தைப் பார்க்கும். லட்சக்கணக்கான வாசல்களில் பாடம் படித்து, மூச்சையும் நாடியையும் குரலையும் எடைபோட்டு அது கண்டுபிடித்த உண்மை இதுதான்: நம் ஆட்கள் அந்நியரிடம் மரியாதையாகப் பேசுவார்கள், சொந்தக்காரரைக் கண்டதும் திட்டுவார்கள். கண்டுபிடித்தவர்களுக்கு விருது வேறு கொடுத்தார்கள். எந்த வீட்டுக் குழந்தையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

குலுக்கலில் உரிமம் விழாத வர்ஷினிக்கு இது சீக்கிரமே பிடிபட்டது. கணவர் இறந்தபின் மாடியறைகள் இரண்டுதான் அவளுக்குப் பிழைப்பு. ஊர்க்காரர்களுக்கு வகுப்பே எடுத்தாள்.

"வந்ததும் சிரிச்சிராதீங்க. 'ஏன் இப்படி இளைச்சுட்ட'ன்னு ஆரம்பிங்க. சும்மா கத்தினா மெஷின் கண்டுபிடிச்சிரும். நெஜமாவே யார்மேலயாவது கோவம் இருக்குமில்ல? அவங்கள நெனச்சுக்கங்க."

அவள் நினைத்துக்கொள்வது தம்பி சர்வேஷை. மகள் கல்யாணத்துக்கு அவனைத் தாம்பூலத் தட்டோடு போய் அழைக்காமல் போனில் செய்தி அனுப்பிவிட்டாள். அந்தக் கோபத்தில், தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரத்தில் அவன் வரவேயில்லை. சேலத்தில் இருந்துகொண்டு வரவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

தேஷ்பாண்டே மாடிக்குப் போன சற்று நேரத்தில் வாசலில் சர்வேஷ் நின்றான். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு பை கொய்யாப்பழம்.

"வாங்க" என்றாள் வர்ஷினி.

"நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

உறவறி சிவப்பு காட்டியது.

கால்மணி நேரத்தில் தங்கல் ஆய்வாளர் இளமாறன் வந்துவிட்டார்.

"கூடப் பொறந்த தம்பி சார்!"

"பொறப்பெல்லாம் இப்பச் செல்லாதும்மா." இளமாறன் குரலைத் தாழ்த்தினார். "என் மாமியாரே உங்க வகுப்புல படிச்சவங்கதான். ஒரு தடவ நல்லாத் திட்டிருங்க, போயிடறேன். பச்ச வரலன்னா இவர் கெளம்பணும். இல்லன்னா வீட்டுக்கு சீல் வெப்பாங்க."

வர்ஷினி தம்பியைப் பார்த்தாள். ஊரான் வீட்டுப் பிள்ளைகளிடமெல்லாம் கொட்டிய கோபம், உரியவனைப் பார்த்ததும் இருந்த இடம் தெரியவில்லை. அந்த நரைத்த தலையும் கொய்யாப்பழமும் அவளை என்னவோ செய்தன. "ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்றாள். நலம் விசாரிப்பது போலத்தான் இருந்தது. சிவப்பு அப்படியே எரிந்தது.

"என்னால உங்க வீடு போக வேணாம். நான் வரேங்க" என்று பையை வைத்துவிட்டு சர்வேஷ் இறங்கிப் போனான். "பாத்துப் போங்க" என்பதற்குமேல் அவளுக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி வந்தது. வர்ஷினி இடுப்பில் கைவைத்தாள். வழக்கம்போலத் தம்பியை நினைத்தாள். கண்தான் கலங்கியது.

"வாங்க" என்றாள்.

ஒரே நாளில் இரண்டாவது சிவப்பு, சட்டத்தில் அதற்கு மன்னிப்பு கிடையாது. இளமாறனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டைப் பூட்டி சீல் வைத்து, உறவறிக்கும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். தேஷ்பாண்டே பெட்டியோடு எதிர்வீட்டுக்குப் போக, அந்த வீட்டு அம்மாள் கேட்டருகிலேயே அவரைத் திட்ட ஆரம்பித்தாள்.

பூட்டிய வாசல்படியில் உட்கார்ந்து வர்ஷினி போன் செய்தாள்.

"சர்வேஷு... வீட்ட சீல் வெச்சுட்டாங்க. அங்க வரட்டுமா?"

"எப்ப வெச்சாங்க?"

"இப்பதான், ஒரு மணி நேரமாச்சு."

"ஒரு மணி நேரமா வாய்ல என்ன வெச்சிருந்த? அறிவிருக்கா உனக்கு? இதெல்லாமா கேப்பாங்க? பனியில உக்காந்திருக்கியா? ஸ்வெட்டராவது போட்டியா? அங்கயே இரு, போக மனசில்லாம பாதி மலையிலயே வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருக்கேன், திரும்பி வரேன்."

வர்ஷினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கத்தாதடா" என்றாள். "பாத்து ஓட்டு."