உறையில் ஐந்து ஓட்டைகள்

மூன்றாவது கடையில் வாங்கிய உறையிலும் ஓட்டை விழுந்திருந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள். ஐந்து. நேற்றும் ஐந்துதான்.

பூனை மலஜலம் கழிக்கிற மண் தட்டுக்குள் விரிக்கிற பிளாஸ்டிக் உறை அது. மண் அழுக்கானதும் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கி அப்படியே குப்பையில் போட்டுவிடலாம், தட்டைக் கழுவவே வேண்டாம் என்று பெட்டியின் மேல் படத்தில் ஒரு பூனை சிரித்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. தூக்கும்போதெல்லாம் ஓட்டை வழியே ஈரம் சொட்டி அறை வாசல் வரை கோடு போட்டது. ஜன்னலைத் திறந்துவைத்தும் போகாத அந்த நெடி, மூன்று நாளாக விடாத மழையின் புழுக்கத்தோடு கலந்து, அவளிடம் தைக்க வந்த துணிகளில் எல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டது. தட்டையும் போன வாரமே புதிதாக மாற்றியாகிவிட்டது.

கணவன் செருப்பை மாட்டிக்கொண்டே மூக்கைப் பொத்தினான்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். இன்னொரு தடவை தரை நனைஞ்சுது, சாக்குல கட்டிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடுவேன்.”

“தடிமனான கவரா வாங்கினா சரியாயிடுங்க.”

“கவருக்கு என்ன குறை? வளர்க்கிறவளுக்குத்தான் புத்தியில்ல.”

கதவை அறைந்துவிட்டுப் போனான். அவனுக்குப் பூனையைப் பிடிக்காது என்பதைவிட, அவளுக்குப் பூனையைப் பிடிக்கும் என்பதுதான் பிடிக்காது. பகல் முழுக்க அவள் பேச்சுக்குப் பதில் குரல் கொடுக்கிற உயிர் அந்தப் பூனை, குட்டைவால், ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் இந்தச் சுவர்களோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

“மெல்லிசு இருக்கு, தடிமன் இருக்கு, வாயில சுருக்குக் கயிறு வச்சதும் இருக்கு,” என்று கடைக்காரர் மூன்றையும் மேசையில் பரப்பினார். “எதை வாங்கினாலும் நகம் பட்டா கிழியும். முதல்ல நகத்தை வெட்டுங்கம்மா. வளர்த்து அது என்ன கிடாரா வாசிக்கப் போகுது?”

இருப்பதிலேயே தடிமனை வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் குட்டைவாலைத் துண்டில் சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டு நான்கு கால் நகங்களையும் ஒட்ட வெட்டினாள். அது கத்திய கத்தலில் அவளுக்கே அழுகை வந்தது.

மறுநாள் காலை, மறுபடியும் ஐந்து.

இந்த முறை மண்ணைக் கொட்டிவிட்டு உறையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பத்தொன்பது வருடத் தையல். ஊசி எந்தப் பக்கமிருந்து நுழைந்தது என்று தடவியே சொல்லிவிடுவாள். நுழைந்த பக்கம் உள்வாங்கியிருக்கும், வெளிவந்த பக்கம் பிசிறு நிற்கும். மண் இருந்த பக்கத்தைத் தடவினாள். பிசிறு அங்கேதான் நின்றது.

பூனை குத்தவில்லை. கீழிருந்து ஏதோ மேலே குத்தியிருக்கிறது.

தட்டின் அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டைகளில் நான்கு வரிசையாக இருந்தன, ஒன்று தள்ளி. கையை விரித்து அவற்றின் மேல் வைத்தாள். கட்டைவிரல் பொருந்தியது. மற்ற நான்கு விரல்களும் எட்டவில்லை.

கணவனிடம் சொன்னால் சாக்கைத் தேடுவான். அதனால் சொல்லவில்லை. பழைய மழைக்கோட்டுகள் இரண்டைப் பிரித்து, இரட்டை மடிப்பாக வைத்து, கனத்த ஊசி போட்டு, அவளே ஓர் உறை தைத்தாள். ஓரமெல்லாம் இரட்டைத் தையல்.

சனிக்கிழமை தரை காய்ந்திருந்தது. ஞாயிறும்.

“பாத்தியா? பயம் இருந்தா எல்லாம் தானா நடக்கும்,” என்றான் கணவன்.

திங்கட்கிழமை மதியம், அவன் வேலைக்குப் போனபின், உறையைக் கழற்றித் திருப்பினாள். அடிப்பக்கம் முழுக்கக் கீறல். குறுக்கும் நெடுக்குமாக, நூற்றுக்கணக்கில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. ஒன்றுகூட மறுபக்கம் வரவில்லை. கீழே இருந்தது எதுவோ, முட்டி மோதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அவளுக்கு உயிர் வந்தது.

“தப்பிச்சோம்டி,” என்று சொல்லிக்கொண்டே படுக்கையறைக்குப் போனாள். கட்டில் நடுவில் குட்டைவால் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவினாள். மழை நின்றிருந்தது. தையல் மெஷினின் சுவிட்ச் அணைத்திருந்தது. தெருவில்கூடச் சத்தமில்லை.

டப்.

விறைப்பான துணியை ஊசி துளைக்கிற சத்தம்.

மெஷின் அடுத்த அறையில். சத்தம் இங்கே.

டப். டப்.

பூனையின் முதுகுக்குப் பின்னால் விரிப்பில் ஒரு பிசிறு எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. நான்கு. வரிசையாக.

தலைப்பக்கம், தள்ளி, ஒன்று.

விரிப்பு கூம்பி எழுந்தது. பூனையைச் சுற்றி. மெதுவாக மூடியது.

குட்டைவால் விழித்தது. முன்கால்கள் விரிப்பை வழித்தன. வழுக்கின. பற்ற நகமில்லை.

அவள் அந்த இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தாள். அடியிலிருந்து இழுத்தது. அவசரமே இல்லாமல்.

பூனை கத்தவில்லை. அவள் கண்ணையே பார்த்தபடி மெத்தைக்குள் போய்க்கொண்டிருந்தது.