ஷிஜோ யாருக்கும் சொல்லாத ஜெபம்

குட்டநாட்டில் எந்தப் படகுத்துறையில் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்: ஷிஜோ இருபத்தொரு நாள், ஒருவருக்கும் தெரியாமல், ஜெபம் செய்தான்!

பக்கத்து வீட்டுக் கோழிக்குச் சளி பிடித்தாலே 'ஆழ்ந்த வருத்தம்' என்று ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் ஷிஜோ. கிழக்கே மலை சரிந்து ஏழு பேர் மண்ணுக்குள் போன வாரம், துறையில் அவன் கட்டிய ஃப்ளெக்ஸின் நீளத்துக்கு மூன்று வள்ளங்களை வரிசையாக நிறுத்தலாம். வருந்துகிறவர்கள் பதினொரு பேர், கைகூப்பிய படங்களோடு. நடுவில் ஷிஜோ, கூலிங்கிளாஸோடு. இறந்தவர்களின் பெயர்கள் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி.

அன்று மழை. படகிலிருந்து ஒருத்தி இறங்கினாள்... காற்று அடித்தது... கயிறு அவிழ்ந்து பதினொரு துக்கமும் மொத்தமாக அவள் குடைமேல் விழுந்தது.

ஓடிப்போய்த் தூக்கினான் ஷிஜோ. உள்ளே இரண்டு கண்கள்... காயலில் இறங்கிய மின்னல் திரும்பிப் போக மறந்ததுபோல.

"இதுல செத்தது யாரு, சிரிக்கிறது யாரு?"

"சிரிக்கல கொச்சே... அது துக்கம்."

"துக்கத்துக்குக் கூலிங்கிளாஸா? அந்த ஏழு பேருல ஒருத்தர் பேரு சொல்லுங்க சேட்டா, பார்ப்போம்."

ஷிஜோ குனிந்து ஃப்ளெக்ஸின் அடிப்பக்கத்தைத் தேடினான்.

"யாருக்கும் தெரியாம அவங்களுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்க. அப்புறம் எங்கிட்ட பேசலாம்."

"சொன்னேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாது. அதுதானே விஷயமே!"

அவள் ஜின்ஸி, நர்ஸ். தினமும் எட்டு மணிப் படகு. மறுநாளிலிருந்து ஷிஜோவுக்கும் அதே படகில் அவசர வேலை. உள்ளே ரகசியம் பொங்கிப் பொங்கிச் சட்டையில் மூன்று பொத்தான்கள் தெறித்துவிட்டன.

"ஒண்ணு சொல்லணும்..."

"ஜெபமா?"

"இல்ல... மழை வரும்போல."

"நீங்களாவது, வாயை மூடிக்கிட்டு ஜெபம் பண்றதாவது!"

சொன்னால் ஜெபம் போச்சு. சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்... ஞாயிற்றுக்கிழமை துபாய் மாப்பிள்ளை பெண் பார்க்க வருகிறானாமே!

சனிக்கிழமை விடியற்காலை. வெள்ளம் வடிந்த மாதா கோயிலில், சேறு காயாத தரையில் மண்டியிட்டான்.

"குஞ்ஞேலி அம்மச்சி, தையல் மெஷின் வெச்சிருந்தவங்க... மத்தாயி சேட்டன், நல்லா ஓடுவாராம், ஓட நேரம் கிடைக்கல..." ஆறு பேரைச் சொன்னான். "ஏழாவது... நான் வெறும் 'குழந்தை'ன்னு அடிச்சேன். வீட்டுல பொன்னின்னு கூப்பிடுவாங்களாம் ஈசோயே. போய்க் கேட்டுட்டு வந்தேன்."

மூக்கைத் துடைத்தான். "இன்னியோட இருபத்தொரு நாளாச்சு. ஜின்ஸி நம்பவே மாட்டேங்கிறா. நீயாவது ஒரு வார்த்தை... வேண்டாம், சொல்லிடாதே! எல்லாம் கெட்டுப்போயிடும்."

தூணுக்குப் பின்னால் விசும்பல். ஷிஜோ துள்ளி எழுந்து, வழுக்கி, சேற்றிலேயே உட்கார்ந்தான். முக்காட்டோடு ஜின்ஸி!

"அய்யோ! இன்னிக்கு ஜெபம் வீணாப் போச்சே! நீ எதுக்கு வந்தே?"

"நானும் யாருக்கும் தெரியாமத்தான்... நாளைக்கு வர்ற மாப்பிள்ளை படகைத் தவற விடணும்னு கேட்க."

"ஏன்?"

"எட்டு மணிப் படகுல ஒரு தொல்லை வந்து உட்காருது. அதைப் பிடிச்சுப் போச்சு... போதுமா?"

ஷிஜோ சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பிறகு மெல்லக் கேட்டான். "அப்போ அந்த இருபத்தொரு நாள்... இப்பவாவது நம்புறியா?"

ஈரக் கண்களோடு சிரித்தாள்.

"சத்தியமா நம்பாமத்தான் இருந்தேன் சேட்டா... ஒத்துக்கறேன். நடந்துச்சு."